இஸ்திரிப் பெட்டிக்கு அடியில

ஜன்னல் ஓரம் நீயே உக்காரு கண்ணு, எனக்குக் காத்து ஆகாது. இந்தப் பையை மட்டும் மேல தூக்கி வெக்கச் சொல்லாதே. மடியிலயே இருக்கட்டும். கனமாத்தான் இருக்கு. அந்தக் காக்கிக் கட்டு உன் கால்ல இடிச்சா சொல்லு, இந்தப் பக்கம் இழுத்துக்கறேன். அது புஸ்தகம். இருநூறு இருக்கு. எல்லாமே ஒரே புஸ்தகம்தான்.

கும்பகோணம் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. நீ? அப்படியா, நர்ஸா, நல்லது. எங்களுக்கு ரயில்வே பாஸ் இருக்கு தெரியுமா, ரிட்டயர் ஆனவங்களுக்குக் குடுக்கறது. ஏசியிலயே போகலாம். ஆனா இன்னிக்கு ரயில் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் பஸ்ஸு.

எங்க வீட்டுக்காரருக்கு இன்ஜின் பைத்தியம். நீ சிரிக்கற. முப்பத்துநாலு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிப் பாத்தா சிரிப்பு வராது. இப்ப ஓடற இன்ஜின் இல்ல, கரி போட்டு ஓட்டுவாங்களே, அந்தக் காலத்துப் புகை இன்ஜின். எங்க ஊர் ஸ்டேஷன் வாசல்ல ஒண்ணு நிக்குது, மேடை கட்டி, சுத்திக் கம்பி வேலி போட்டு. சீமையில செஞ்சு கப்பல்ல வந்தது. அதுக்கு இவரு பண்ற சேவை இருக்கே, நான் ஆபரேஷன் பண்ணிப் படுத்தப்பகூட எனக்கு அவ்வளவு பண்ணல. விடியக்காலம் துணியும் எண்ணெயும் எடுத்துக்கிட்டுக் கெளம்பிருவாரு. சக்கரத்தைத் தொடைக்கறாராம். ஓடாத இன்ஜினுக்குச் சக்கரம் சுத்தமா இருந்தா என்ன, அழுக்கா இருந்தா என்ன, சொல்லு?

இதுல கேளு, இவரு இன்ஜின் ஓட்டினவரே இல்ல. புக்கிங் கிளார்க்கு. முப்பத்தாறு வருஷம் கம்பிக்கு உள்ள ஃபேனுக்கு அடியில உக்காந்து டிக்கெட் குடுத்தவரு. கரி அள்ற மம்பட்டியைக் கையால தொட்டிருப்பாரா? நீராவி நண்பர்கள் குழுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. பதினோரு பேரு. பல் டாக்டர் வரதராஜன்தான் செக்ரட்டரி. மத்தவங்க பேங்க்கு, காலேஜுன்னு உத்தியோகம் பாத்தவங்க. ஒருத்தர் கையிலயும் ஒரு தீக்காயம் கெடையாது. எங்க வீட்டுக் கூடத்துல உக்காந்து என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு, "ஆகா, அந்தக் கரிப்புகை வாசனை சார், அந்த வாசனை"ன்னு கண்ணை மூடிக்குவாங்க.

வாசனையாம். எங்கப்பா அந்த இன்ஜின் டிரைவரு. ஆமா, அதே இன்ஜின், வேற இல்ல. சூசைமாணிக்கம்னு பேரு. பயர்மேனாச் சேந்து கரி அள்ளி அள்ளி டிரைவர் ஆனவரு. அந்த வாசனை என்னன்னு எங்கம்மாவைக் கேட்டிருக்கணும். உடுப்பை சோடா உப்புல ரெண்டு ராத்திரி ஊறப் போட்டாலும் தண்ணி கறுப்பாத்தான் எறங்கும். அப்பாவுக்குப் புருவமே கெடையாது, அனல்ல பொசுங்கிப் போச்சு. காலையில இருமினாருன்னா பக்கத்து குவார்ட்டர்ஸ்ல எழுந்துக்குவாங்க. அதையெல்லாம் பல் டாக்டருக்கு யார் சொல்றது. காப்பியைக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு உள்ள போயிருவேன்.

போன வருஷம் ஒரு வெள்ளைக்காரர் வேற வந்தாரு, கிரஹாம்னு. நல்ல மனுஷர்தான், குத்தம் சொல்லக் கூடாது. அவங்க ஊர்ல இந்தப் பழைய இன்ஜினை எல்லாம் பழுது பாத்து ஓட்டிக்கிட்டே இருக்காங்களாம். சனி ஞாயிறு ஆனா அவரு போய்க் கரி அள்ளுவாராம். சம்பளம் கெடையாது, அவருதான் சந்தா கட்டணும். காசு குடுத்துக் கரி அள்றாங்கன்னு எங்கப்பா கேட்டிருந்தா நம்பியிருக்கவே மாட்டாரு. அந்த மனுஷர் எங்க ஊர் இன்ஜினைத் தொட்டுப் பாத்து அழுதாரு. நிசமாவே அழுதாரு. அப்புறம் வீட்டுக்கு வந்து, டிரைவர் பொண்ணு நான்னு தெரிஞ்சதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்னுட்டாரு. "உங்கப்பா இந்த இன்ஜினைப் பத்தி என்ன சொல்வாரு?"ன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரர்தான் தமிழ்ல எடுத்துச் சொன்னாரு. ரெண்டு பேரும் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காங்க.

நான் என்ன சொன்னேன்னா, "காப்பி ஆறிடும், குடிக்கச் சொல்லுங்க"ன்னேன்.

பின்ன, என்ன சொல்றது? அதை உனக்கு வேணாச் சொல்றேன். எழுபத்துநாலுல, எனக்குப் பத்து வயசு. அந்த இன்ஜின்ல லெட் பிளக் விழுந்துடுச்சு. அப்படின்னா என்னன்னா, பாய்லர்ல தண்ணி கொறஞ்சு போச்சுன்னா வெடிச்சிரக் கூடாதுன்னு கரி எரியற பெட்டிக்கு மேல ஈயத்துல ஒரு அடைப்பு வெச்சிருப்பாங்க. தண்ணி இல்லாமச் சூடு ஏறினா அந்த ஈயம் உருகிரும், ஆவி கீழ பாஞ்சு நெருப்பை அணைச்சிரும். உசிரு தப்பிக்கும், ஆனா டிரைவர் மானம் போயிரும். பிளக்கை விழ விட்டவன்னு பேரு வந்துட்டா அதோட சரி. கூட வேலை பாக்கறவன்கூட டீ வாங்கித் தர யோசிப்பான்.

எங்கப்பா தண்ணியைப் பாக்காம விட்டவரு இல்ல. தண்ணி எவ்வளவு இருக்குன்னு காட்டறதுக்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதோட கீழ்த் துவாரம் உப்புப் படிஞ்சு அடைச்சுப் போச்சு. உள்ள தண்ணி இல்லாட்டியும் கண்ணாடியில அரைக்குழாய் நிக்கும். அப்பா அதைக் கண்டுபிடிச்சு, டூட்டி முடிஞ்சு வந்து ஷெட்டுல ரிப்பேர் புக்குன்னு ஒண்ணு இருக்கும், அதுல எழுதி வெச்சாரு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. மூணு தடவையும், சரி பண்ணியாச்சுன்னு எவனோ கையெழுத்துப் போட்டு வெச்சிருக்கான். பண்ணல. மூணாவது தடவை எழுதின மறுநாள் பிளக் விழுந்துடுச்சு.

விசாரணையில புக்கைக் காட்டுங்கன்னாரு அப்பா. புக்கு அவங்க கையில. காணோம்னுட்டாங்க. எங்கப்பாவை டிரைவர்ல இருந்து எறக்கி யார்டுல வேகன் தள்ற ஷண்டரா போட்டாங்க. ரிட்டயர் ஆகற வரைக்கும் அதேதான். அந்த இன்ஜின் நாலு மாசத்துல ரிப்பேர் ஆகி வேற ஆளோட ஓட ஆரம்பிச்சுது. எங்க குவார்ட்டர்ஸுக்குப் பின்னாலதான் லைன். அதோட ஊதல் எனக்குத் தெரியும், ஆரம்பத்துல கொஞ்சம் இழுத்து அப்புறம் ஏறும். அது வந்தா அம்மா வேணும்னே பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாங்க. அப்பா சோத்துல கையை வெச்சபடியே இருப்பாரு. அது போனப்புறம்தான் அடுத்த கவளம்.

அதான் சொல்றேன், எனக்கு அந்த இன்ஜினைக் கண்டா ஆகாது. அதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேணாம். போன மாசம் பெயிண்ட் அடிச்சாங்க, பக்கவாட்டுத் தண்ணித் தொட்டிக்கு மேல சிவப்புக் கோடு ஒண்ணு போட்டு வெச்சிருக்காங்க. அதுல கோடே கெடையாது, வெறும் கறுப்புதான். புகைபோக்கிக்குத் தொப்பி மாதிரி விளிம்பு இருக்கும், அது பித்தளை இல்ல, இரும்பு. மஞ்சள் அடிச்சிருக்காங்க. பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கென்ன வந்துது.

இந்தப் பையில என்னன்னு கேக்கறியா? கேக்கல, ஆனா பாக்கற. காட்டறேன் இரு. இந்த முனையைப் பிடி. துண்டு பழசு, எங்கப்பாவோடது, கிழிச்சிராதே.

பித்தளை. நாலு கிலோ இருக்கும். முட்டை வடிவத்துல இருக்கு பாத்தியா. இன்ஜினைச் செஞ்ச கம்பெனி அதோட பக்கத்துல அடிக்கற தட்டு இது. ஊர் பேரு, நம்பர், வருஷம் எல்லாம் மேடா வார்த்திருப்பாங்க. கிளாஸ்கோன்னு இருக்கு பாரு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்துரெண்டு. எண்பத்தொம்பதுல இன்ஜினை ஓரங்கட்டினப்ப ஷெட்டுல இருந்த ஃபிட்டர் ஒருத்தரு உளியால நெம்பி எடுத்துக்கிட்டு வந்து, "சூசை, உன்னைக் கெடுத்தது போய்ச் சேந்துடுச்சு, இந்தா"ன்னு அப்பா கையில குடுத்தாரு. நெம்பினப்ப உளி வழுக்கி இந்தா இங்க வெட்டு விழுந்திருக்கு, நம்பர்ல இருக்கற ஏழுக்கு மேல குறுக்கால. அடுத்த வருஷம் என் கல்யாணம். அப்பா இதைத் துண்டுல சுத்தி என் டிரங்குப் பெட்டிக்கு அடியில வெச்சாரு. "எங்கயும் மாட்டிராதம்மா. காலடியில கெடக்கட்டும்"னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நானும் ஒண்ணும் கேக்கல.

காலடியில போட்டா தடுக்கும். நான் என்ன பண்ணேன், இஸ்திரிப் பெட்டி வைக்கற தட்டாக்கிட்டேன், எழுத்து கீழ இருக்கற மாதிரி கவுத்து. அப்ப கரிப்பெட்டி, அப்புறம் கரண்டு பெட்டி. தெனமும் அதுக்கு நான் சூடு வைக்கற மாதிரி எனக்கு ஒரு திருப்தி. முப்பத்துநாலு வருஷமா அங்கதான் கெடந்துது. இன்ஜின் பைத்தியம் புடிச்ச மனுஷன் மூக்குக்குக் கீழ. தன் சட்டையைத் தேய்க்கறவரே இவருதான். நான் தேச்சா கை மடிப்பு ரெண்டு கோடா விழுதாம். ஞாயித்துக்கிழமை ஆறு மணிப் பூசைக்கு நான் போயிருவேன், இவரு எட்டு மணிப் பூசைக்கு. அந்த நேரத்துல வாரத்துச் சட்டை அத்தனையும் தேச்சு வெச்சிருப்பாரு. அவ்வளவு நேரம் கையிலயே வெச்சிருந்தும் ஒரு நாள் திருப்பிப் பாத்திருப்பாரா இந்த மனுஷன்? இதான் இவங்க ஆராய்ச்சி.

நான் இன்னிக்குக் காலையிலதான் திருப்பினேன். எழுத்தைப் பாக்கவே எனக்குப் பிடிக்காது, கல்யாணமான புதுசுல கவுத்து வெச்சதோட சரி. எப்படி மின்னுது பாரு. மேல சூடு பட்டுக் கறுத்துக் கெடக்கு, அடியில அப்படியே தங்கமாட்டம். சீமைப் பித்தளை, அப்படித்தான் இருக்கும்போல.

இதைத்தான் கண்ணு அந்தப் பதினோரு பேரும் தேடினாங்க. இன்ஜின் பக்கத்துல நாலு ஓட்டைதான் இருக்கு, தட்டைக் காணோம். பேப்பர்ல விளம்பரம் போடலாம்னாரு பல் டாக்டரு. இவருதான், "வேண்டாம் டாக்டர், அது இருக்கற எடத்துல இருக்கட்டும். புதுசா ஒண்ணு வார்த்துக்கலாம்"னாரு. உள்ளேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். பாத்தியா, அவ்வளவுதான் ஆசை. மெனக்கெடணும்னா வேணாம். போலி போதும். அதுக்கும் எங்கிருந்தோ எழுத்தோட மாதிரி ஒண்ணு வரவழைச்சு பட்டறையில குடுத்து வார்த்தாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்குப் பெரிய அதிகாரி வந்து திறந்து வெக்கறாரு. கொட்டகை எல்லாம் போட்டாச்சு.

சரி, போலியோ எதுவோ, நான் பேசாமத்தான் இருந்திருப்பேன். நேத்து இந்தப் புஸ்தகக் கட்டு வந்துது. விழா மலராம். எழுதினது இவரு. அந்தக் கட்டுல ஒண்ணு உருவிக்கோ. அட்டை அப்புறம் பாக்கலாம், ஆறாம் பக்கத்தைப் பிரி. மேலேருந்து நாலாவது வரி. சத்தமா வேணாம், மனசுக்குள்ள படி.

படிச்சியா? "ஓட்டுநரின் கவனக்குறைவால் கொதிகலன் பழுதடைந்து, இவ்வின்ஜின் நான்கு மாதம் ஓய்வில் இருந்தது." இன்ஜினுக்கு ஓய்வு. எங்கப்பாவுக்கு? பதினஞ்சு வருஷம் வேகன் தள்ளினாரு. கவனக்குறைவாம். நான் புஸ்தகத்தைக் கொண்டுபோய் இவரு முன்னால வெச்சேன். இவரு என்ன சொன்னாரு தெரியுமா? "பேரு போடல பாரு, ஸ்டெல்லா. வேணும்னேதான் போடல"ன்னாரு. அது மரியாதையாம். மாமனாருக்குப் பண்ற மரியாதை.

சாப்பாடு போட்டேன். காலையில இவரு ஸ்டேஷனுக்குத் தோரணம் கட்டப் போனாரு. நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தரையில வெச்சுட்டு, தட்டையும் எடுத்துக்கிட்டேன், கட்டையும் எடுத்துக்கிட்டேன், பஸ் ஏறிட்டேன். திறந்து வெக்கட்டும் போலியை. மலர் குடுக்கட்டும் பாப்போம் வெறுங்கையோட.

என்ன கேட்ட? மூணு தடவை எழுதி வெச்சது இவருக்குத் தெரியுமாவா? நான் எதுக்குச் சொல்லணும்? முப்பத்துநாலு வருஷம் கூட இருந்தவருக்குத் தானாத் தெரிய வேணாமா? அந்த இன்ஜின் பேச்சு வந்தா எழுந்து உள்ள போறவ எதுக்குப் போறான்னு ஒரு நாள் கேட்டிருக்கலாமில்ல? அவரு கேக்கல, நான் சொல்லல. அவ்வளவுதான்.

ஏன் அட்டையையே பாத்துக்கிட்டு இருக்க? அதுல போட்டிருக்கறது ஒண்ணுமில்ல, அந்தப் போலி வார்க்கறதுக்குப் பட்டறையில குடுத்த மாதிரிப் படம். காகிதத்தைத் தட்டு மேல வெச்சு பென்சிலால தேச்சா எழுத்து அப்படியே விழுமில்ல, நாம சின்ன வயசுல காசு மேல வெச்சுத் தேய்ப்போமே, அது. கிரஹாம் அனுப்பியிருப்பாரு. அவங்க ஊர்ல எல்லாத் தட்டுக்கும்...

எங்க? எந்தக் கோடு?

இரு. கண்ணாடியைப் போட்டுக்கறேன். தட்டை இந்தப் பக்கம் சாய்ச்சுப் பிடி.

ஏழுக்கு மேல. ஆமா, இதுலயும் இருக்கு. ஏழுக்கு மேல குறுக்கால. உளி வழுக்கின வெட்டு இது. கிளாஸ்கோவில எப்படி இந்த வெட்டு இருக்கும்? எங்க ஊர் ஷெட்டுல விழுந்த வெட்டு.

அந்த எழுத்து இடுக்குல என்ன வெள்ளையா? நகத்தால எடு. மோந்து பாரு. பிராஸோதான். இன்ஜினைத் தொடைக்க இவரு வாங்கி வெச்சிருக்கற பித்தளை பாலிஷ். சட்டையிலயே அந்த வாடை அடிக்கும், எவ்வளவு திட்டியிருப்பேன்.

தெரிஞ்சிருக்கு. இந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஞாயித்துக்கிழமை ஆனா நான் பூசைக்குப் போனதும் திருப்பித் தொடைச்சு, நான் வர்றதுக்குள்ள கவுத்து வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி சட்டை தேச்சுக்கிட்டு இருந்திருக்காரு. எத்தனை வருஷமோ. இருக்கற எடத்துல இருக்கட்டும்னாரே, பல் டாக்டர்கிட்ட. நான் அதைப் போய்... சே.

கேக்க வேண்டியதுதானே? ஒரு வார்த்தை கேட்டா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா? ஆமா, எனக்கு மட்டும் என்ன இருந்துதுன்னு நீ கேப்ப. கேக்காதே. இரு, போன் பண்றேன். இந்த நம்பரை நீ போடு கண்ணு, தட்டை நான் பிடிச்சுக்கறேன். தேவசகாயம்னு இருக்கும்.

நாந்தான். பஸ்ல இருக்கேன். ...ஆமா, எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ...கட்டும் எங்கிட்டத்தான் இருக்கு. ...சட்டையா? கசங்கினதையே போட்டுக்குங்க, யாரு உங்களைப் பாக்கப் போறா. ஏங்க, ஒண்ணு கேக்கறேன். எத்தனை வருஷமாத் தெரியும்? ...என்னது? சத்தமாச் சொல்லுங்க, மைக் செட் கத்துது அங்க.

...

பின்ன ஏன் கேக்கல? ...ம். ...ம். ...கவனக்குறைவுன்னு எழுத மட்டும் தெரிஞ்சுதா? ...சொல்லலதான். இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. மூணு தடவை ரிப்பேர் புக்குல எழுதி வெச்சாரு. வாட்டர் கிளாஸ் அடைச்சிருக்குன்னு. மூணு தடவை. சரி பண்ணாமலே கையெழுத்துப் போட்டாங்க. ...இல்ல, அழல. பஸ் குலுங்குது. வைங்க.

வெச்சுட்டேன். மொத வருஷமே பாத்துட்டாராம் கண்ணு. கல்யாணமாகி மூணாவது மாசம். "உங்கப்பா உனக்குக் குடுத்தது, நீயாக் காட்டுவேன்னு இருந்தேன்"ங்கறாரு. ரயில்வே ரெஜிஸ்டர்ல கவனக்குறைவுன்னுதான் இருந்துதாம், அதைப் பாத்து எழுதினேங்கறாரு. மூணு தடவைன்னு சொன்னதும் எங்கிட்ட என்ன கேக்கறாரு, தட்டைக் கொண்டுவான்னு கேக்கல. "மூணு தடவையும் எந்தத் தேதி, ஞாபகம் இருக்கா ஸ்டெல்லா?"ன்னு கேக்கறாரு. அந்த ஆளு மாறவே மாட்டாரு.

தேதி ஞாபகம் இருக்கு. அப்பா அம்மாகிட்டச் சொல்லிக்கிட்டே இருப்பாரு. பிப்ரவரி ஒம்பது, பதினொண்ணு, பன்னெண்டு.

கண்டக்டர் தம்பி, அடுத்த ஸ்டாப்புல நிறுத்துங்க. கும்பகோணத்துக்குத்தான் எடுத்தேன், பரவால்ல, எறங்கிக்கறேன். எதுத்தாப்புல வர்ற பஸ்ஸைப் பிடிச்சா ரெண்டரை மணிக்குள்ள போயிரலாமில்ல?

தட்டைக் குடுக்கப் போறேன்னு நெனைக்காதே. அதை அந்த நாலு ஓட்டைக்கு மேல மாட்ட விடமாட்டேன். எங்கப்பா மாட்டாதேன்னுட்டாரு. போலியே இருக்கட்டும் அங்க, திரும்பவும் எங்க வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு அடியிலதான் இது. ஆனா எழுத்து மேல இருக்கட்டும் இனிமே. சூடு பட்டுக் கறுத்தாக் கறுக்கட்டும், இவருதானே தேய்க்கறாரு.

கட்டை அவுக்க ஒரு கை குடு கண்ணு. இருநூறு புஸ்தகம், ஆறாம் பக்கம், நாலாவது வரி. ஒவ்வொண்ணுலயும் அடிச்சுட்டு எழுதணும். சூசைமாணிக்கம், டிரைவர், ரிப்பேர் புக்குல மூணு தடவை எழுதி வெச்சாரு, தேதியோட. நாலு மணிக்குள்ள முடியாது. முடிஞ்ச வரைக்கும் எழுதறேன், மிச்சத்தை மேடைக்குப் பின்னால உக்காந்து இவரு எழுதட்டும், கசங்கின சட்டையோட.

நீ நர்ஸுதானே, பையில பேனா இருக்கும். குடு. நீலமா கறுப்பா? கறுப்பு நல்லது. உன்னோடதுல மொத எழுதிக் குடுத்துட்டு எறங்கறேன். பேனாவைத் திருப்பித் தர முடியாது கண்ணு, எடுத்துக்கிட்டுப் போறேன்.